கடைசி வரியில் எழுதியதற்கு முதல் பதில்

வடமராட்சியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார், போடவில்லை. மூன்று பக்கக் கடிதத்தின் சாரம் இதுதான்:

"எங்கள் வளவுக்குப் பின்னால் கோயில் காணியில் ஒரு பெரிய இலுப்பை நிற்கிறது. அதில் நூற்றுக்கணக்கில் வௌவால். கேரளாவில் வௌவாலால் நிபா என்ற காய்ச்சல் வந்து ஆட்கள் செத்ததாக வாட்ஸ்அப்பில் வந்ததிலிருந்து ஊர் பயந்து போயிருக்கிறது. மரத்தைத் தறிக்கச் சொல்லி ஒரு பகுதி, புகை போட்டுக் கலைக்கச் சொல்லி ஒரு பகுதி. மாமா பனங்கள்ளுக் குடிக்கிறவர், முட்டியில் வௌவால் வாய் வைக்கிறது என்று சொன்னாலும் கேட்கிறார் இல்லை. பிள்ளைகளுக்கு மாம்பழம் கொடுக்கலாமா? இவர் வயல் செய்கிறவர், போன மாரியில் பக்கத்து வயல்காரர் எலிக்காய்ச்சல் வந்து தப்பினதே பெரிய காரியம். இன்னொன்று எழுத மறந்து போனேன், ஒன்பது வயது மகன் போன கிழமை மரத்தடியில் விழுந்து கிடந்த வௌவால் குட்டியைப் பிஸ்கற் ரின்னுக்குள் வைத்து வளர்க்கப் பார்த்தவன். அது விரலில் இலேசாகக் கடித்துப்போட்டுது. இரத்தம் பெரிதாக இல்லை, மஞ்சள் பூசிவிட்டேன். குட்டி அடுத்த நாள் செத்துவிட்டது, கிணற்றடிக்குப் பின்னால் தாட்டுவிட்டான்."

தங்கச்சி, நீங்கள் மறந்துபோய்க் கடைசியில் எழுதின அந்த விஷயத்துக்குத்தான் முதலில் பதில். கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்தபடியால் வாசித்த அன்றே உங்களுக்கு எடுத்துச் சொன்னேன், நீங்களும் பின்னேரமே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆதார வைத்தியசாலைக்குப் போய்விட்டீர்கள், அதற்கு நன்றி. ஆனால் இதை வாசிக்கிற எத்தனை வீடுகளில் இப்படி ஒரு "இலேசான கடி" மஞ்சளோடு முடிந்து போயிருக்கும் என்று நினைக்க எனக்கு நெஞ்சு பதறுகிறது, அதனால் எல்லாருக்குமாகத் திரும்ப எழுதுகிறேன்.

வௌவால் கடித்தால் விசர்நாய்க்கடி நோய்க்கான தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் அன்றே கேட்க வேண்டும். நாய் கடித்தால்தானே அந்த ஊசி என்று நீங்கள் போனில் கேட்டீர்கள். எங்கள் நாட்டில் அந்த நோயால் இறக்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு நாயால்தான் வருகிறது, அது உண்மை. ஆனால் பூனை, கீரி, நரி, மரநாய், குரங்கு என்று பாலூட்டும் மிருகம் எதுவும் அதைக் காவலாம். வௌவாலைப் பற்றி எங்களுக்குத் தனியாக ஒரு காரணமும் இருக்கிறது. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவ என்ற இடம் தெரியும்தானே, அந்தப் பக்கத்துப் பழந்தின்னி வௌவால்களின் மூளையில் 2015இல் ஒரு புது வைரசைக் கண்டுபிடித்தார்கள். விசர்நாய்க்கடி வைரசின் நெருங்கிய சொந்தம். அந்த ஊரின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். அந்த வைரசால் மனிதர் யாருக்கும் நோய் வந்ததாகப் பதிவு இல்லை, இப்போது இருக்கிற தடுப்பூசி அதற்கும் கைகொடுக்கும் என்றுதான் எதிர்பார்க்கிறோம். ஆனால் உங்கள் இலுப்பையில் தொங்குவதும் அதே இனம்தான். பறக்க முடியாமல் தரையில் கிடக்கிற வௌவால் தாயிடமிருந்து தவறி விழுந்த குட்டியாகவும் இருக்கலாம், நோய்பட்டு விழுந்ததாகவும் இருக்கலாம், பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்த நாளே அது செத்தும் போனது என்றால் நான் பொறுத்துப் பார்க்கவே சொல்ல மாட்டேன்.

இரத்தம் வராததை வைத்து ஆறுதல் அடைய வேண்டாம். வௌவால் குட்டியின் பல் ஊசி முனை மாதிரி, குத்தின இடம் அடுத்த நாள் தேடினாலும் தெரியாது.

நான் படித்து முடித்து வேலைக்குப் போன முதல் வருஷம், வன்னிப் பக்கத்தில் ஒரு வைத்தியசாலையில் ஒரு மனிதரைப் பார்த்தேன். நாற்பது வயதுக்குள்தான். இரண்டு நாளாகத் தண்ணீர் விழுங்க முடியவில்லை, தொண்டை நோகிறது என்று நடந்துதான் வந்தார். கட்டிலில் இருத்திவிட்டு, வெக்கையாக இருக்கிறதே என்று தாதி மின்விசிறியைப் போட்டார். காற்று முகத்தில் பட்டதும் கழுத்து இழுத்து, வாய் கோணி, மூச்சு அடைத்து, அந்த மனிதர் கட்டிலை விட்டே எழும்பிவிட்டார். விடுதியில் இருந்த மூத்த வைத்தியர் ஒன்றும் பேசாமல் போய் விசிறியை நிறுத்தினார். பிறகு மனைவியைக் கூப்பிட்டு ஏதாவது கடித்ததா என்று கேட்டார். இல்லை, இல்லை என்றுதான் அந்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். இரவுதான் ஞாபகம் வந்தது, இரண்டு மாதத்துக்கு முதல் கோழிக்கூட்டு வலையில் சிக்கின கீரியை எடுத்துவிடப் போய்க் கையில் கீறினது, கோப்பித்தூள் வைத்துக் கட்டினது, காய்ந்துவிட்டது. மூன்றாம் நாள் அவர் இறந்து போனார். அறிகுறி வந்த பிறகு அந்த நோய்க்கு வைத்தியம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. கடித்து ஒன்று தொடக்கம் மூன்று மாதத்துக்குள்தான் பெரும்பாலும் வரும், சிலருக்கு அதையும் தாண்டும். அந்த இடைவெளிதான் எங்கள் கையில் இருக்கிற காலம். ஒரு கிழமை பிந்திவிட்டதே, இனிப் போய் என்ன பயன் என்று யாரும் வீட்டில் இருக்க வேண்டாம், பிந்தினாலும் போக வேண்டும்.

போவதற்கு முதல் ஒரு வேலை. கடித்த, கீறின இடத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதை விட நீளம், பிள்ளை கத்தும், கை குளிரும், ஆனாலும் மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் வேண்டாம். விஷகடி வைத்தியரிடம் போவதில் உங்களுக்கு நம்பிக்கை என்றால் அதை நான் தடுக்கவில்லை, ஊசியைப் போட்டுவிட்டுப் போங்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்பது எங்கள் அப்பு ஆச்சி காலத்துக் கதை, இன்றைக்குக் கையில் போடுகிற சின்ன ஊசி, சில நாள் இடைவெளி விட்டுச் சில தடவை. ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றுவார்கள், அதற்கு விடுதியில் வைத்துப் பார்ப்பார்கள். அரச வைத்தியசாலையில் எல்லாம் இலவசம். 1973இல் இலங்கையில் 377 பேரைக் கொன்ற நோய் இன்று வருஷத்துக்கு இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது என்றால் நாய்களுக்குப் போட்ட ஊசியும் மனிதருக்குப் போட்ட இந்த ஊசியும்தான் காரணம். வைத்தியரிடம் போய் "ஏதோ கடித்தது" என்று சொல்லாமல் வௌவால், கீரி என்று மிருகத்தின் பெயரைச் சொல்லுங்கள், எப்படிக் கடித்தது, மிருகம் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் அவர்கள் முடிவெடுப்பார்கள்.

சரி, இனி நிபா.

பயப்பட வேண்டிய நோய்தான், மறைக்கவில்லை. 1998, 1999இல் மலேசியாவில் முதன்முதல் வந்தபோது 105 பேர் இறந்தார்கள். அங்கே பன்றிப் பண்ணைகளுக்குப் பக்கத்தில் பழமரங்கள் நின்றன, வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிலிருந்து பண்ணையில் வேலை செய்தவர்களுக்கு வந்தது. சுங்கை நிபா என்ற கிராமத்தின் பெயர்தான் நோய்க்கு வந்தது. 2018இல் கோழிக்கோட்டில் வந்தபோது முதலாவது நோயாளியிடமிருந்து வைத்தியசாலை வழியாகத்தான் மற்றவர்களில் பெரும்பாலானோருக்குப் பரவியது, பராமரித்த தாதி ஒருவரும் இறந்து போனார். இலங்கையில் நான் இதை எழுதும் வரை ஒரு மனிதருக்கும் நிபா உறுதிப்படவில்லை. எங்களிடம் இருப்பதும் கேரளாவில் இருப்பதும் ஒரே இன வௌவால் என்பதால் வரவே வராது என்று சொல்ல மாட்டேன். அதற்காக மரத்தைத் தறிக்கவும் சொல்ல மாட்டேன்.

தறித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது நூற்றுக்கணக்கில் ஓரிடத்தில் தொங்குகிற கூட்டம், எங்கே என்று எல்லாருக்கும் தெரிந்த கூட்டம், நாலு ஊருக்குச் சிதறி ஆட்களின் மாமரத்திலும் கொட்டில் பக்கத்துப் புளியிலும் தங்கப் பார்க்கும். புகை போட்டால் குட்டிகள் பொலபொலவென்று கீழே விழும், அதைப் பொறுக்க ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஓடுவார்கள், உங்கள் மகனுக்கு நடந்தது இருபது பிள்ளைகளுக்கு நடக்கும். வைரசைக் காவுகிற வௌவால் பதற்றப்பட்டு, பசியால் வாடுகிறபோது அது கூடுதலாக வெளியேறலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இலுப்பையின் பூவில் மகரந்தம் காவுவதும், கொட்டையைக் கொண்டு போய் இன்னோர் இடத்தில் போடுவதும் இந்த வௌவால்தான், வடமராட்சியில் மிச்சம் இருக்கிற பெரிய மரங்களை எண்ணிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வதன் அருமை தெரியும். மரத்துக்குக் கீழே பிள்ளைகள் விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மாட்டை அங்கே கட்ட வேண்டாம், எச்சம் விழுகிற பக்கம் கிணறு இருந்தால் வலை போட்டு மூடுங்கள். விழுந்து கிடக்கிற வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது என்பதைக் கோயில் ஒலிபெருக்கியிலேயே சொல்லச் சொல்லுங்கள், அது ஒன்று போதும்.

மாம்பழம் கொடுங்கள். கறுத்தக்கொழும்பான் காலத்தில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு மாம்பழம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. முழுப் பழமாகப் பார்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, தோலைச் சீவிக் கொடுங்கள். வௌவால் கடித்த பழத்தை நீங்கள் நன்றாகவே அடையாளம் காண்பீர்கள், ஒரு பக்கம் பல் பதிந்து, பக்கத்திலேயே உறிஞ்சித் துப்பின சக்கை உருண்டை கிடக்கும். அந்தப் பக்கத்தை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுகிற பழக்கம் எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது, என் அம்மாவும் அப்படித்தான் தந்தவர். இனி வேண்டாம். அதைப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள், ஆட்டுக்கும் போடாதீர்கள், தாட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

மாமாவின் கள்ளு கொஞ்சம் சிக்கலான கேள்வி. பங்களாதேஷில் நிபா அநேகமாக ஒவ்வொரு பனிக்காலமும் வருகிறது, அங்கே முக்கியமான வழியே ஈச்சமரத்துச் சாறுதான். இரவில் வௌவால் வந்து சீவின இடத்தை நக்கும், சிறுநீரும் கழிக்கும், காலையில் அதைப் பச்சையாகக் குடிக்கிறார்கள். புளித்த சாற்றைக் குடித்தவர்களுக்கும் வந்திருக்கிறது, ஆகவே கள்ளில் வெறி இருக்கிறது, கிருமி செத்துவிடும் என்று மாமா சொல்வாரானால் அதை அப்படியே நம்ப முடியாது. எங்கள் பனையிலும் வௌவால் அதே வேலையைத்தான் செய்கிறது, சீவல் தொழில் செய்கிறவர்களைக் கேட்டால் முட்டிக்குள் செத்துக் கிடந்த கதையும் சொல்வார்கள். அங்கே மூங்கிலால் பாவாடை மாதிரிப் பின்னி, சீவின இடமும் முட்டியும் சேர்ந்து மறையக் கட்டுகிறார்கள், வௌவாலால் கிட்டப் போக முடிவதில்லை. எங்களிடம் ஓலையும் இருக்கிறது, பன்னாடையும் இருக்கிறது, பின்னத் தெரிந்த கைகளும் இருக்கின்றன. முட்டியின் வாயை மட்டும் மூடினால் போதாது, பாளையில் சீவின முனையையும் சேர்த்து மறைக்க வேண்டும். எச்சமோ மயிரோ கிடந்த முட்டியின் கள்ளை வடித்துக் குடிக்காமல் ஊற்றிவிட வேண்டும். மாமாவோடு சண்டை பிடிக்காமல், இறக்குகிறவரோடு நேரில் கதையுங்கள், அவருக்கும் தன் தொழிலில் அக்கறை இருக்கும். காய்ச்சி எடுக்கிற பனங்கட்டியில் இந்தப் பயம் இல்லை.

ஆனால் தங்கச்சி, மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் நிபாவுக்குப் போய்விட்டது, உங்கள் கணவரின் வயலுக்கு இரண்டு வரிதான். என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு போகக் கூடியது அந்த இரண்டு வரிதான். 2024 கடைசியில் பெருமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு யாழ்ப்பாணத்தில் காய்ச்சலோடு வந்தவர்கள் சிலர் அடுத்தடுத்து இறந்து, ஊரெல்லாம் மர்மக் காய்ச்சல் என்று கதைத்தது ஞாபகம் இருக்கும். பரிசோதித்துப் பார்த்தால் எலிக்காய்ச்சல். மர்மம் ஒன்றும் இல்லை, எங்கள் வரம்பிலேயே இருந்த நோய்.

எலியும் அகிளானும் வரம்பைத் துளைத்து இருக்கின்றன, அவற்றின் சிறுநீரில் அந்தக் கிருமி வருகிறது, மழை வெள்ளம் அதை வயல் முழுக்கப் பரப்பிவிடுகிறது. மாடும் நாயும் கூடக் காவும். நாள் முழுக்கச் சேற்றில் நின்று ஊறிப் போன காலில் ஒரு சின்ன வெடிப்பு, நெல்லுத்தாள் கீறின கீறல் இருந்தால் போதும். ஒன்றிரண்டு கிழமைக்குள் கடும் காய்ச்சல், தலையிடி, கண் சிவப்பு, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே உயிர் போகிற நோ. பிறகு சலம் குறையும், கண் மஞ்சளாகும், சிலருக்கு மூச்சு முட்டும். அந்தக் கட்டத்துக்குப் போகவிடக் கூடாது. வயலில் இறங்க முதலே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால் கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசை இலவசமாகத் தருவார்கள், யாருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதையும் கேட்டுச் சொல்வார்கள். கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தாங்களாக எடுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் தவிர வேறு நோ மாத்திரை கடையில் வாங்கிப் போட வேண்டாம், அந்தக் காலம் டெங்குவும் வருகிற காலம். வைத்தியரிடம் போனதும், அவர் கேட்காவிட்டாலும், "நான் வயலில் இறங்கினவன்" என்று சொல்லச் சொல்லுங்கள். இந்த ஒரு வசனத்தைச் சொல்லாததால் நாட்கள் வீணான ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

வயலோடு சேர்த்துப் பற்றைக் காணியையும் சொல்லிவிடுகிறேன். வலிகாமம் வடக்கில் இருபது முப்பது வருஷம் கழித்துச் சொந்தக் காணிக்குத் திரும்பினவர்கள் ஆள் உயரத்துக்கு வளர்ந்த பற்றையை வெட்டித் துப்புரவாக்கினதை நாங்கள் எல்லாரும் கண்டோம். அந்தப் பற்றைக்குள் எலியின் உடம்பில் வாழ்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னப் பூச்சிகள் இருக்கின்றன, அவை கடித்தால் உண்ணிக்காய்ச்சல் வரும். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு, நோவும் இல்லை, அரிப்பும் இல்லை. அது கமக்கட்டிலோ அரையிலோ மார்புக்குக் கீழோ இருக்கும், வெட்கப்பட்டுக் காட்ட மாட்டார்கள், எங்கள் பெண்கள் குறிப்பாக. ஐந்து நாளாகக் காய்ச்சல் விடாமல் இருக்கிறது என்றால் நீங்களே கண்ணாடி முன் நின்று தேடுங்கள், இருந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்டுபிடித்துவிட்டால் மலிவான மருந்தில் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்குகிற நோய் அது.

மகனைப் பற்றி இன்னும் ஒன்று. போனில் அவன் பக்கத்தில் நின்று அழுதது எனக்குக் கேட்டது. ஏச வேண்டாம் தங்கச்சி. ஒரு குட்டியைப் பிழைக்க வைக்கப் பார்த்த பிள்ளை அவன். ஏசினால் அடுத்த முறை நாய்க்குட்டி கீறினாலும் உங்களிடம் வந்து சொல்ல மாட்டான், அதுதான் எனக்குப் பயம். மிச்ச ஊசிக்கான திகதிகளை அட்டையில் எழுதித் தந்திருப்பார்கள், பள்ளிக்கூடப் பரீட்சை, கோயில் திருவிழா என்று ஒன்றையும் தள்ளிப் போடாதீர்கள்.

தாட்ட குட்டியைத் தோண்டி எடுத்துக் கொழும்புக்குப் பரிசோதனைக்கு அனுப்பலாமா என்று கேட்டீர்கள். இத்தனை நாள் வெக்கையில் மண்ணுக்குள் கிடந்ததில் பார்க்க ஒன்றும் மிச்சம் இருக்காது, விடுங்கள். குட்டி செத்த அன்றே என்றால் கையால் தொடாமல் பரிசோதகருக்கு உடனே அறிவித்திருக்கலாம். இப்போது செய்ய வேண்டியது, அந்த இடத்தில் ஒரு பாரமான கல்லைத் தூக்கி வையுங்கள், உங்கள் வீட்டு நாய் கிளறாமல் இருக்க. நாய்க்கு ஊசி போட்டு எத்தனை வருஷம் என்று நான் கேட்டபோது நீங்கள் யோசித்தீர்கள். அதையும் இந்தக் கிழமைக்குள் கொண்டு போய்ப் போட்டுவிடுங்கள்.